அஞ்சு நிமிஷம் தாங்கும்

பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டு அன்றைக்கே ஓய்ந்துவிடலாம். நான் சொன்ன பொய்யை எல்லோரும் உடனே நம்பிவிட்டார்கள். என் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு குப்பத்தில் எங்கள் வீடு. மூன்று பக்கம் தண்ணீர், நாலாவது பக்கம் சேறு. வெளியே போக வேண்டுமென்றால் படகு. பொன்னேரிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். (கம்ப்யூட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சம்பந்தப்பட்ட ஒரு பாடம்கூட எனக்குக் கிடையாது.)

பள்ளியில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஒன்று என்னிடம் இருந்தது. உடன் படித்த ஒருத்தி பென்டிரைவில் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து அதில் ஏற்றிக்கொடுத்தாள். இரண்டாம் உலகப் போர் விமானங்களை ஓட்டிச் சண்டை போடும் விளையாட்டு. அந்த லேப்டாப்பில் அதை ஏற்றியது தள்ளுவண்டியில் யானையை ஏற்றியது மாதிரி. பத்து நிமிடத்தில் அடுப்பாகக் கொதிக்கும். அதனால் என் அப்பா, எங்கள் வீட்டு வழக்கத்தில் நைனா, மீனுக்கு வைத்திருக்கும் ஐஸ் பெட்டியின் மூடிமேல் லேப்டாப்பை வைத்துத்தான் விளையாடுவேன். (அந்த வருடம் என் நோட்டுப் புத்தகங்களில் எல்லாம் இறால் வாசம் அடித்தது. வகுப்பில் என் பக்கத்தில் யாரும் விரும்பி உட்காரவில்லை.)

மற்றவர்கள் எதிரியைச் சுடுவதற்காக அதை விளையாடினார்கள். நான் சுடப்படுவதற்காக விளையாடினேன். ஏனென்றால் அந்த விளையாட்டில் எஞ்சின் சாகும் விதம் அத்தனை தத்ரூபமாக இருந்தது. குண்டு எங்கே படுகிறதோ அதற்கேற்பச் சாகும். தண்ணீர்க் குழாயில் பட்டால் விமானத்தின் பின்னால் வெள்ளை நூல் மாதிரி ஆவி வரும். ஆயில் குழாயில் பட்டால் முன்கண்ணாடியில் முதலில் ஒரு சொட்டு விழும். பிறகு பத்து. பிறகு கண்ணாடி முழுக்கக் கறுப்பு. சூடு காட்டும் முள் மெல்ல ஏறும், ஆயில் அழுத்தம் காட்டும் முள் மெல்ல இறங்கும். எஞ்சின் இருமும். உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது மாதிரி ஒரு சத்தம். கடைசியில் முன்னால் சுற்றும் விசிறி நின்றுபோய், காற்றின் ஓசை மட்டும் கேட்கும். அந்த அமைதி வரும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

இதைப் பற்றிப் பேசுவதற்கென்றே இணையத்தில் ஒரு கூட்டம் இருந்தது. ஆயில் கண்ணாடியில் சொட்டாக வழிய வேண்டுமா, கோடாக வழிய வேண்டுமா என்று மூன்று வாரம் சண்டை போட்டார்கள். நானும் என் ஓட்டை இங்கிலீஷை வைத்துக்கொண்டு கோடு கட்சிக்காக வாதாடினேன். விமானத்தை அதுவரை நான் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி.

அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. ஆபத்து நேரத்தில் எஞ்சினை அதன் சக்திக்கு மேல் விரட்டலாம். ஆனால் ஐந்து நிமிடம்தான். ஐந்து நிமிடம் தாண்டினால்தான் உள்ளே உடைய ஆரம்பிக்கும். அதை நான் நூறு தடவையாவது சோதித்துப் பார்த்திருப்பேன். சரியாக ஐந்து நிமிடம்.

நைனா சில நாள் என் பின்னால் குந்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். நான் ஒவ்வொரு முள்ளையும் காட்டி விளக்குவேன். ஏழுமலை என்ற அவர் பெயர் ஏரியில் எல்லோருக்கும் தெரியும், அதிகம் பேசாத மனிதர். அப்படிப்பட்டவர் மீன் ஏலம் விடுகிற இடத்தில் போய், "எம்பொண்ணு ஏரோப்ளேன் எஞ்சினே தெரிஞ்சி வெச்சிக்கினு கீது. இந்தப் படகு எஞ்சினு எல்லாம் அதுக்கு எம்மாத்திரம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அதைக் கேட்டு நான் திருத்தியிருக்க வேண்டும். எனக்கோ, மனிதர் சரியாகத்தான் சொல்கிறார் என்று தோன்றியது.

எங்களுடையது ஃபைபர் படகு. பின்பக்கம் ஒரு டீசல் எஞ்சின், அதிலிருந்து நீளமாக ஒரு தண்டு, தண்டின் முனையில் தண்ணீரைத் தள்ளும் விசிறி. அந்த எஞ்சினுக்குத் தண்ணீர்க் குழாய் எல்லாம் கிடையாது. பக்கத்தில் இருக்கும் ஒரு சல்லடை வழியாகக் காற்றை இழுத்துத்தான் அது தன்னை ஆற்றிக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொண்டவர் தேசிங்கு மாமா. நைனாவுக்கு வாலிப வயதிலிருந்து கூட்டாளி. பழவேற்காட்டில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை வைத்திருந்தார். போர்டு கூடக் கிடையாது. எஞ்சினை அவர் 'இது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இவரு நேத்திலிருந்து மூச்சு வாங்கறாரு", "இவருக்கு கோவம்" என்றுதான் சொல்வார்.

என் அக்கா அஞ்சலைக்கு நிச்சயதார்த்தம் என்று முடிவானபோது, மாப்பிள்ளை வீட்டாரைப் பழவேற்காட்டிலிருந்து எங்கள் படகிலேயே அழைத்துவருவது என்று நைனா சொல்லிவிட்டார். வேறு பெரிய படகு கேட்டால் கிடைத்திருக்கும். ஆனால் பெண்ணின் அப்பா தன் சொந்தப் படகில் சம்பந்தியை அழைத்துவருவது ஒரு மரியாதை. இரண்டு நாள் முன்னால் தேசிங்கு மாமா வந்து எஞ்சினைச் சுத்தம் செய்து, புது ஆயில் மாற்றி, அளவுக் கம்பியை உருவிக் காட்டினார்.

"பாத்துக்கோ ஏழுமலை. இந்தக் கோடு வரைக்கும் தான். இதுக்கு மேல ஒரு சொட்டு இவரு குடிக்க மாட்டாரு, துப்பிடுவாரு. அப்பறம் இந்த சல்லடை கிட்ட எதையும் வெக்காத. இவரு மூச்சு வுடற எடம்."

நான் பக்கத்தில் நின்று, "மாமா, இதுல ஆயில் பிரஷர் எவ்ளோ காட்டும்?" என்று கேட்டேன்.

"அது காட்டற முள்ளு எல்லாம் இதுல இல்லம்மா."

"அப்ப எப்படித் தெரியும்?"

"சத்தத்த வெச்சிதான்" என்றார்.

நான் அவரைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தேன். இன்றைக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால் என் முகத்தை நானே எங்கேயாவது கழற்றி வைத்துவிடலாமா என்று இருக்கிறது.

நிச்சயதார்த்தம் அன்று காலை, எல்லோரும் பந்தல் வேலையில் இருக்கும்போது நான் தனியாகப் படகுக்குப் போனேன். இரண்டு நல்ல காரியங்கள் செய்தேன். ஒன்று, இன்றைக்கு ஆள் பாரம் அதிகம், ஆயில் குறைந்தால்தானே எஞ்சின் சாகும் என்று, மாமா மிச்சம் வைத்துவிட்டுப் போன கேனைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை எஞ்சினுக்குள் ஊற்றினேன். இரண்டு, அழுக்குப் பிடித்த எஞ்சின் சம்பந்தியின் கண்ணில் படக்கூடாதே என்று, பந்தலில் மிஞ்சிய ஃபிளெக்ஸ் பேனரை அதைச் சுற்றி இழுத்துக் கட்டினேன். 'வருக வருக' என்று எழுதியிருந்த பகுதி வெளியே தெரிகிற மாதிரி பார்த்துக்கொண்டேன். அதற்காக இழுத்ததில் சல்லடை முழுசாக மூடிக்கொண்டது. அதைக் கவனித்தேனா என்றால், கவனித்தேன். விளையாட்டில் காற்றுத் துவாரத்தை மூடினால் விமானம் இன்னும் வேகமாகப் போகும். ஆகவே கூடுதல் லாபம் என்று நினைத்துக்கொண்டேன். (நான் டிப்ளமோவில் முதல் வகுப்பு.)

பழவேற்காட்டுக்குப் போகும்போது படகில் நைனாவும் நானும் மட்டும்தான். பாதி வழியில் நைனா திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பொகை நீலமா வருது?"

"புது ஆயிலு நைனா. மொதல்ல அப்படித்தான் இருக்கும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டார். பேனரைப் பார்த்து ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "நல்லா கீது" என்று மட்டும் சொன்னார்.

படகுத் துறையில் மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தனம் அத்தை, சந்தன நிறப் பட்டுப்புடவையில் கம்பீரமாக இருந்தார். கடலோரக் குப்பத்தில் மீன் விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். குரல் எப்போதுமே கூடைக்கு மேலிருந்து பேசுகிற குரல். அவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா. சென்னையில் ஏதோ ஆபீஸில் வேலை. வெள்ளைச் சட்டை, பாலீஷ் போட்ட ஷூ. படகில் கால் வைக்கும்போதே, "இது சேஃப்தானா?" என்று கேட்டார். மாப்பிள்ளை வாயைத் திறக்கவே இல்லை. சுருக்கமாகச் சொன்னால் நல்ல பையன்.

தாம்பாளத் தட்டுகள், பழம், பூ, பாக்கு, புடவை எல்லாம் ஏறின. எஞ்சினுக்கு அருகே இருந்த நல்ல இடத்தில் தனம் அத்தையையும் சித்தப்பாவையும் நானே உட்கார வைத்தேன். அங்கேதான் ஆட்டம் குறைவு என்றும் சொன்னேன்.

கால் மணி நேரம் போயிருக்கும். முதலில் வாசம் வந்தது. பிளாஸ்டிக் கருகுகிற வாசம். சித்தப்பா மூக்கைப் பொத்தினார். பிறகு எஞ்சின் இரும ஆரம்பித்தது. நைனா கையைத் தூக்கி எஞ்சினுக்கு மேலே காட்டினார். அனல். அவர் முகம் மாறியது.

"நிறுத்திடட்டாம்மா? ஆறட்டும்."

படகில் பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். நைனா, நாற்பது வருடம் தண்ணீரில் இருந்தவர், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார். ஏரி நடுவில் படகை நிறுத்தி, சம்பந்தி வீட்டாரை வெயிலில் உட்கார வைப்பதா என்று நினைத்தேன். கரையில் பந்தல் தெரிந்தது. பேண்டு செட்டுக்காரர்கள் சிவப்புச் சட்டையில் நிற்பதுகூடத் தெரிந்தது.

"அஞ்சு நிமிஷம் தாங்கும் நைனா. நீ வேகம் குடு" என்றேன்.

குடுத்தார்.

அடுத்து நடந்ததை நான் வரிசையாகச் சொல்ல முடியும். ஏனென்றால் அந்த வரிசை எனக்கு மனப்பாடம். முதலில் ஒரு சொட்டு. தனம் அத்தையின் தோளில் விழுந்தது. அவர் மேலே பார்த்தார், காக்கை என்று நினைத்திருப்பார். பிறகு பத்து. பிறகு எஞ்சினின் மூச்சுக் குழாய் வழியாக, மாமா சொன்ன மாதிரியே, அதிகமாகக் குடித்ததை எல்லாம் அது துப்பியது. சந்தன நிறப் பட்டின் இடது பக்கம் முழுக்கக் கறுப்பு. சித்தப்பாவின் வெள்ளைச் சட்டையில் மேலிருந்து கீழாக வழிந்தது. கோடு கோடாகத்தான் வழிந்தது. உள்ளே சுத்தியல் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை கிறீச்சென்று அலறிவிட்டு எஞ்சின் நின்றது.

அமைதி. காற்றின் ஓசை மட்டும்.

பன்னிரண்டு பேரும் பேச்சிழந்து உட்கார்ந்திருந்த அந்த அமைதியில் ஒரு குரல் கேட்டது. "அப்படியே இருக்குது" என்றது. என் குரல்தான். பக்தியோடு வேறு சொல்லியிருக்கிறேன்.

"எது அப்படியே இருக்குது?" என்றார் சித்தப்பா, மூக்கிலிருந்து ஆயிலைத் துடைத்துக்கொண்டே. ஐந்து நிமிடம் ஆகவில்லை என்று மட்டும் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. நாலுகூட ஆகியிருக்காது.

நைனா நீளக் கோலை எடுத்து ஊன்றித் தள்ளிப் பார்த்தார். தண்ணீர் வற்றியிருந்த நேரம். அத்தனை பேர் பாரத்தில் படகின் அடி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கோல்தான் உள்ளே போனது, படகு நகரவில்லை.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்று சித்தப்பா எழுந்து நின்றார்.

"குந்துப்பா, முட்டி ஆழம்" என்றார் தனம் அத்தை. பிறகு தன் புடவையை ஒரு தடவை பார்த்தார், கரையை ஒரு தடவை பார்த்தார். கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, படகிலிருந்து தொபுக்கென்று ஏரிக்குள் இறங்கினார். "தட்டு எல்லாத்தையும் தலைல வெச்சிக்கினு எறங்குங்க. நல்ல நேரம் போயிடும்."

சற்றுத் தள்ளி நாலைந்து பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்தவாக்கில், கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கை இரண்டும் வேலையாக இருப்பதால், இறால் போடுகிற கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். பட்டுப்புடவையும் ஷூவுமாக ஒரு கூட்டம், தலையில் தாம்பாளத்தோடு ஏரியில் நடந்து வருவதை அவர்கள் பார்த்தார்கள். முன்னால் இருந்த பெண் சிரிக்கவில்லை. முதலில் கூடையை வாயிலிருந்து எடுத்து, பத்திரமாக இடுப்பில் கட்டிக்கொண்டார். அப்புறம் சிரித்தார்.

"அந்தப் பக்கம் வராதீங்க, சேறு இழுக்கும். இப்படி வாங்க" என்று வழி காட்டியது அவர்தான். மற்றவர்கள் வந்து நைனாவோடும் மாப்பிள்ளையோடும் சேர்ந்து காலிப் படகைத் தள்ளினார்கள். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகத் தோள் கொடுத்திருந்தார். சித்தப்பாவின் ஒரு ஷூவைச் சேறு வாங்கிக்கொண்டது. கடைசி வரை திருப்பித் தரவில்லை.

கரையில் இருந்த பேண்டு செட்டுக்காரர்களுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டால் வாசிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு இட்ட உத்தரவு. ஆகவே நாங்கள் முட்டித் தண்ணீரில் தள்ளாடி வந்துகொண்டிருக்கும்போதே வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கரையேறும் வரை நிறுத்தவில்லை.

இதுவரை நடந்தது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. இதற்கு மேல் நடந்ததுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

கரையில் கூட்டம் சூழ்ந்துகொண்டது. இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று எல்லோரும் கேட்டார்கள். சித்தப்பா ஒற்றை ஷூவோடு நின்று, "பொண்ணு குடுக்கற எடத்துல ஒரு எஞ்சின கூட ஒழுங்கா வெச்சிக்கத் தெரியல" என்றார். அக்கா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். கண்ணில் மை கலைந்திருந்தது. அம்மா என்னைப் பார்த்து, "நீதான காத்தால படகாண்ட போன, இன்னாடி ஆச்சு?" என்று கேட்டார்.

"ஆயில் அதிகமா ஊத்தியிருக்கு" என்றேன். அது உண்மை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "தேசிங்கு மாமா பாக்காம ஊத்திட்டாரு போல" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. தண்ணீரில் விழுந்தவன் கையில் கிடைப்பதைப் பிடிப்பது மாதிரி அந்தப் பெயர் என் கையில் கிடைத்தது.

மாமா அங்கேதான் இருந்தார். விருந்துக்கு வந்தவர், வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு. நாங்கள் வருவதைப் பார்த்து முதலில் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்தவரே அவர்தான். எஞ்சின் பக்கம் குனிந்திருந்தார். சல்லடையில் உருகி ஒட்டிக்கொண்டிருந்த ஃபிளெக்ஸை ஒரு விரலால் சுரண்டினார். கீழே உருண்டு கிடந்த காலிக் கேனை எடுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அதற்குள் நைனா அவரிடம் போய்விட்டார். நைனா யாரிடமும் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. "ஏன்டா தேசிங்கு, எம்பொண்ணு கல்யாணத்துல தாண்டா நீ வேல கத்துக்கணும்? கோடு கோடுன்னு எனக்கு சொல்லிட்டு நீ இன்னாடா பண்ணி வெச்சிகீற? உன்ன நம்பினேன் பாரு." எல்லோர் முன்னாலும். சம்பந்தி வீட்டார் முன்னால், பேண்டு செட்டு முன்னால்.

மாமா கேனைப் படகுக்குள் வைத்தார். "சரி வுடு ஏழுமலை. நல்ல காரியம் நடக்கட்டும், போ" என்றார். அவ்வளவுதான். கையை ஏரியிலேயே கழுவிக்கொண்டு, வேறொரு படகில் ஏறிப் போய்விட்டார். சாப்பிடவில்லை.

நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. தனம் அத்தை அக்காவின் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு தட்டு மாற்றினார். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. எல்லோரும் அதைக் களைப்பு என்று நினைத்தார்கள்.

அந்த எஞ்சின் மறுபடி எழுந்திருக்கவில்லை. உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. அந்தப் பருவம் முழுக்க நைனா பெரியப்பா மகனின் படகில் கூலிக்குப் போனார். தன் படகு மணலில் கவிழ்ந்து கிடக்க, அதைத் தாண்டி அடுத்தவன் படகுக்கு நடந்து போவார். ஒரு நாள்கூட என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் அந்த விளையாட்டை அழித்துவிட்டேன். அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

அக்கா கல்யாணம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். முடிந்தது. மறுவீடு முடியட்டும் என்று இருந்தேன். அதுவும் முடிந்தது. இதற்கிடையில் கதை ஏரி முழுக்கப் பரவிவிட்டது. தேசிங்கு கொட்டகையில் யாராவது எஞ்சினை இறக்கினால், "ஆயில பாத்து ஊத்துப்பா, எங்க வூட்டுலயும் கல்யாணம் இருக்குது" என்று சொல்லிச் சிரிப்பார்களாம். சிரிப்பவர்கள் மெல்ல வேறு மெக்கானிக்கிடம் போக ஆரம்பித்தார்கள். ஒரு நாள் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். கொட்டகை பூட்டியிருந்தது. காட்டுப்பள்ளியில் துறைமுக வேலைக்குப் போகிறார் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள்.

எட்டு மாதம் கழித்துத்தான் போனேன். பழவேற்காட்டில், ஆட்களை ஏற்றிப்போகும் வேனுக்காக அவர் காலையில் நிற்கிற இடத்துக்கு. கழுத்தில் அடையாள அட்டை, மேலே மஞ்சள் கோட்டு. எஞ்சின் கறை இல்லாத அவர் கையை அன்றுதான் பார்த்தேன்.

"மாமா, அந்த ஆயில நான்தான் ஊத்தினேன். பேனரும் நான்தான் கட்டினேன்."

"தெரியும்" என்றார்.

"அப்ப ஏன் மாமா சொல்லல?"

"சொல்லி? உங்கக்காவ கட்டிக்கறவங்க எதுருல உன்ன நிக்க வெச்சி பேசணுமா?" வேன் வருகிறதா என்று பார்த்தார். "நீ வந்து சொல்லுவன்னு பாத்தேன். ஒரு வாரம் பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். அப்பறம் வுட்டுட்டேன்."

நான் அழ ஆரம்பித்தேன். அவருக்கு அது சங்கடமாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள்.

"உங்க நைனாவாண்ட சொல்லிட்டியா?"

"இல்ல மாமா."

"அத செய் மொதல்ல" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் நைனாவிடம் சொன்னேன். அவர் வலையிலிருந்து நண்டை விடுவித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. நான் முழுவதையும் சொல்லி முடித்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"எஞ்சினு போனா போவுது" என்றார் கடைசியில். "அவன நான் எல்லார் எதுருலயும் அப்படி பேசினேனே."

ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகப் பழவேற்காடு போனார். மாமா வீட்டில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இருட்டுவதற்குள் வந்துவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டார்கள். நல்லது கெட்டதுக்கு மாமா வருவார். ஆனால் கொட்டகையை அவர் மறுபடி திறக்கவில்லை. "மாசம் பொறந்தா சம்பளம் வருதும்மா, உன்னால இல்ல" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். நிஜமாகத்தான் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் பக்கத்தில் எஞ்சின் நின்றால் இன்றைக்கும் அதைக் கழற்றி ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் பொன்னேரிக்குத்தான் கொண்டுபோகிறார்கள். அப்படி ஒரு ஆட்டோ போவதைப் பார்த்தால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

பிறகு அக்கா பிள்ளைக்குக் காது குத்தினார்கள். தனம் அத்தை அந்தப் பட்டுப்புடவையை வெளுக்கவே போடவில்லை. விசேஷம் என்றால் பெட்டியிலிருந்து எடுத்துவந்து, கறையை விரித்துக் காட்டி, கதையை நடித்துச் சொல்வார். அன்றைக்கும் சொன்னார். தண்ணீரில் இறங்கியது, சித்தப்பாவின் ஷூ, பேண்டு செட்டு எல்லாம் வந்தது. "எல்லாம் தோ, இந்த தேசிங்கு ஊத்துன ஆயிலு" என்று பந்தியில் உட்கார்ந்திருந்த மாமாவையே கையைக் காட்டி முடித்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நைனா தலை குனிந்து சாப்பிட்டார்.

நான் கையிலிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன். "அத்தை, ஆயில் ஊத்துனது மாமா இல்ல. நான்" என்றேன்.

பந்தியில் இருந்தவர்கள் இலையிலிருந்து நிமிர்ந்தார்கள்.

"பொண்ணுதான் சொல்லுதே, கேளுங்களேன்" என்றார் தேசிங்கு மாமா.

தனம் அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "பாத்தீங்களா இந்தப் பொண்ண? பெரிய மனுசன் தலை குனியக் கூடாதுன்னு பழிய தன் தலையில போட்டுக்குது. இந்த மனசு யாருக்கு வரும்?"

நான் மறுத்தேன். மறுக்க மறுக்க என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. அடுத்த வாரமே அத்தை தன் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லி, இப்படி ஒரு பெண் கிடைக்காது என்று என்னை அவர் மகனுக்குப் பேசிவிட்டார். கல்யாணமும் ஆகிவிட்டது.

என் கணவரிடம் இதுவரை மூன்று தடவை உண்மையைச் சொல்லிவிட்டேன். முழுதாக, கேன் முதல் வேன் வரை. ஒவ்வொரு தடவையும் அவர் பொறுமையாகக் கேட்டு முடித்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "வுடு ரேவதி, உன் மனசு எனக்குத் தெரியும்" என்கிறார்.